புரோ நோட்டு, காசோலை, ஓடிபி: நட்டம் யார் கணக்கில்?

திருச்செங்கோட்டு ரிக் வண்டி சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ போர் போட்டுக்கொண்டிருக்கும். அதற்கு டீசல் பணம் ஊரிலிருந்து போக வேண்டும். பணம் அனுப்பும் செயலி கேட்கும் ஓடிபி முதலாளி பெயரில் உள்ள சிம்முக்கு வரும். கணக்கு வழக்கைப் பார்ப்பவரோ வேறொருவர். பள்ளிபாளையத்துத் தறி வீடுகளில் வங்கிக் கணக்கு அம்மா பெயரிலும் செல்போன் மகன் கையிலும் இருப்பது சாதாரணம். பாஸ்வேர்டைக் குறித்த நாளுக்குள் மாற்றச் சொல்வதும், பழையதை மறுபடி வைக்கக் கூடாது என்பதும், கொடுத்த கேஒய்சி தாள்களையே திரும்பக் கொடுக்கச் சொல்வதும், ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்பதும் இந்த வட்டாரத்தில் தொழில் செய்கிற எல்லோரும் அறிந்த சலிப்புகள். வங்கியிடம் கேட்டால் பாதுகாப்பு என்ற ஒரே சொல் பதிலாக வரும். கேட்டவரும் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல முடியாமல் திரும்பிவிடுவார். இந்த வாக்குவாதம் விதிகள் அதிகமா குறைவா என்பதைச் சுற்றியே நடப்பதால் எங்கும் போய்ச் சேர்வதில்லை. விதி தோற்றுப்போய்ப் பணம் போய்விட்டால் அந்த நட்டத்தை யார் தலையில் எழுதுகிறார்கள் என்று பார்த்தால்தான் சலிப்பின் வேர் தெரியும். சேலம், நாமக்கல் சமவெளியில் காகிதத்தோடு மனிதர்கள் நடத்திவந்த இருநூறு ஆண்டுப் பழக்கம் இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் சேர்ந்திருந்தன. அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழ் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை வயல் வயலாக அளந்து, உழுபவர் பெயரிலேயே தீர்வை எழுதும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அந்த முறையின் நல்லது கெட்டதை வரலாற்றாசிரியர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒன்றுதான்: தனித்தனிக் குடியானவர் அரசாங்கத்தோடு நேரடியாகக் காகித உறவுக்குள் வந்தார். பட்டா அவர் பெயரில் இருந்தது. கிஸ்துப் பணம் குறித்த தவணையில் ரொக்கமாகக் கட்டப்பட வேண்டியிருந்தது. மழை கிஸ்து நாளைப் பார்த்துப் பெய்யாது. கம்பும் சோளமும் காசாக மாறுவதற்கு முன்பே தவணை வந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பியவர் உள்ளூர்ச் சாவுகார். அல்லது கையில் பணம் வைத்திருந்த பெரிய பண்ணையக்காரர். அந்தக் கடனுக்கு அடையாளமாக ஒரு துண்டுக் காகிதம் வீட்டுக்கு வீடு நுழைந்தது.

அந்தக் காகிதத்தைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, கையெழுத்திட்ட புரோ நோட்டு பணம் கைமாறியதற்காகவே எழுதப்பட்டது என்று முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளச் சொல்கிறது. பணம் வாங்கவில்லை என்றோ, வாங்கியது குறைவு என்றோ சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 20ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, தொகையை எழுதாமல் ஒருவர் கொடுத்துவிட்டால், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையை வாங்கியவருக்கு அவரே கொடுத்ததாக ஆகிவிடும். அந்த முத்திரை தாங்கும் தொகை வரை எழுதிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவருக்குக் கைநாட்டே கையெழுத்து. 1897இன் பொது விதிகள் சட்டமே அப்படி விளக்கம் கொடுத்திருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடியானவரின் நிலை விளங்கும். அவசரத்துக்குக் கடன் வாங்கப் போனவர் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கட்டைவிரலை வைத்த அந்த நொடியில், பிறகு எழப்போகும் எல்லாச் சண்டையிலும் தோற்கும் பக்கத்தில் நின்றுவிட்டார். வெற்றுப் புரோ நோட்டு கந்துவட்டியின் கருவியாக இன்றுவரை நீடிப்பதற்கும், 2003இல் தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகும் அது ஒழியாததற்கும், நிரூபிக்கும் சுமையைச் சட்டம் எந்தப் பக்கம் வைத்தது என்பது முக்கியமான காரணம். ஊர் வழக்கம் இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. நோட்டை எழுதிக்கொடுத்தவர் பெயர் அடியில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூட நின்றிருப்பார். சட்டம் கேட்காத இந்த மூன்றாவது மனிதரை ஊர் கேட்டு வைத்துக்கொண்டது என்றால், கையெழுத்து மட்டும் போதாது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும்.

1930களின் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது இந்தக் காகிதங்களின் பாரம் தாங்க முடியாததாயிற்று. வாங்கிய கடன் ரூபாயில் அப்படியே நின்றது; அதைத் தீர்க்க விற்க வேண்டிய மூட்டைகளின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர், சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்த ராஜாஜி. அவரது அரசு 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. (அதே 1937 அக்டோபர் 1ஆம் தேதிதான் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கும் தொடங்கியது. ராஜாஜியின் பெயர் ஊரில் நிலைத்தது மதுவிலக்கால்தான். கடன் சட்டத்தைப் பேசுகிறவர்கள் குறைவு.) நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், உண்மையில் எவ்வளவு கைமாறியது, எவ்வளவு திரும்ப வந்தது என்று பார்க்கும் கடமை நீதிமன்றத்துக்கு வந்தது. கடன் கொடுத்தவர்கள் எதிர்த்தார்கள். புரோ நோட்டைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாகாணத்துக்கு உண்டா என்ற கேள்வி டெல்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. 1940இல் அந்த நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அந்தச் சட்டத்தால் கெடுதலும் உண்டு. அதை மறைத்து வாதம் செய்வது நேர்மையாகாது. நோட்டுக்கு இருந்த உறுதி குலைந்தது என்று கண்ட சாவுகார், நிலத்தைப் பெயரளவில் கிரயம் எழுதி வாங்கிக்கொண்டு, கடன் தீர்ந்த பிறகு திருப்பித் தருவதாக வாய்வார்த்தை சொன்னார். நட்டத்தை வலியவர் பக்கம் தள்ளினால், அவர் வேறு வழியில் அதைத் திரும்பத் தள்ளப் பார்ப்பார். ஆனால் இதிலிருந்து, தள்ளியதே தவறு என்ற முடிவு வராது. தள்ளிய இடத்தில் அது நிற்கும்படி வேறு ஏற்பாடு வேண்டும் என்பதே வரும். கூட்டுறவுக் கடன் சங்கமும் நில அடமான வங்கியும் அந்த ஏற்பாட்டைச் செய்ய முயன்றவை. ஃபிரடெரிக் நிக்கல்சனின், 1895இல் வெளிவரத் தொடங்கிய அறிக்கை அதற்கு வித்திட்டது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அவை எவ்வளவு வென்றன என்பது தனிக் கட்டுரைக்குரியது.

வங்கி இந்தச் சமவெளிக்கு வந்தபோது தன்னோடு இன்னொரு சட்ட மரபையும் கொண்டுவந்தது. 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானதும், அதன் பின்விளைவாக 1907இல் இந்தியன் வங்கி தோன்றியதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. 1925இல் தொடங்கிய சேலம் வங்கி போன்ற சிறு வங்கிகளும், கரூரில் தோன்றிய வைஸ்யா, லட்சுமி விலாஸ் வங்கிகளும் வட்டாரத் தொழிலுக்குப் பணம் கொடுத்தன. வங்கியே முழுகினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பிறகுதான் விடை வந்தது: 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு. இவை தெரிந்தவை. இவற்றைவிட அடிப்படையான ஒரு விதி காசோலையில் இருந்தது, அதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. புரோ நோட்டில் கையெழுத்து எழுதியவரைக் கட்டியது. காசோலையில் கையெழுத்து போலியாக இருந்தால் அது வாடிக்கையாளரின் உத்தரவே ஆகாது. உத்தரவில்லாமல் கொடுத்த பணம் வங்கியின் பணம். மங்களூரில் ஒரு நிறுவனத்தின் கணக்கர் 1957க்கும் 1961க்கும் இடையில் 42 காசோலைகளில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டார். கனரா வங்கி தொடர்ந்து வாதாடியது: பாஸ்புக்கை ஆண்டுக்கணக்கில் பார்த்தும் நிறுவனம் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர்கள் அசட்டை. உச்ச நீதிமன்றம் 1987இல் அதை ஏற்கவில்லை. வாடிக்கையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதால் போலிக் கையெழுத்து உண்மைக் கையெழுத்தாகிவிடாது, நட்டம் வங்கியுடையது.

இந்த விதி வங்கிக்குள் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். மாதிரிக் கையெழுத்து அட்டை வந்தது. பெரிய தொகைக்கு எழுத்தர் ஒருவர் பார்த்த கையெழுத்தை அதிகாரி ஒருவரும் பார்க்கும் வழக்கம் வந்தது. சந்தேகம் இருந்தால் கணக்குக்காரரையே கூப்பிட்டுக் கேட்பார்கள். கைநாட்டுக் கணக்கு என்றால் ஆளே நேரில் வர வேண்டும், பாஸ்புக்கில் புகைப்படம் இருக்க வேண்டும். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கும் தொல்லை வாடிக்கையாளருக்கு இருந்தது. ஆனால் சரிபார்க்கும் உழைப்பு கவுண்டருக்கு உள்ளேதான் நடந்தது. தவறினால் தன் பணம் போகும் என்று தெரிந்தவர்தான் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். ஒரு விதி எங்கே சலிப்பைத் தருகிறது, எங்கே தருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

இணையத்துக்கு வருவோம். 2001இல் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2009 ஆகஸ்ட் முதல், அட்டையை நேரில் காட்டாமல் செய்யும் செலவுகளுக்கு அட்டையில் அச்சிட்டிருப்பதைத் தவிர இன்னொரு சான்றும் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஓடிபி அன்றாடப் பழக்கமானது அதன் பிறகுதான். ஐரோப்பிய ஒன்றியம் இதே போன்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவர 2019 ஆயிற்று என்பதை ஒப்பிட்டால், இந்தியா முன்னோடி. அட்டையைத் திருடிக்கொண்டு போனவன் அந்த எண்ணை வைத்து இணையத்தில் பொருள் வாங்குவதை இது பெரிதும் அடக்கியது. ஆகவே ஓடிபியே வெறும் தொல்லை என்பவர்களோடு சேர முடியாது. கெடுதல் வேறிடத்தில் நேர்ந்தது. ஓடிபி வந்ததும் வங்கிகள் அதைக் காசோலைக் கையெழுத்தாகப் பார்க்கவில்லை. புரோ நோட்டுக் கையெழுத்தாகப் பார்த்தன. சரியான எண் உள்ளிடப்பட்டது, ஆகவே நீங்கள்தான் செய்தீர்கள், இல்லையென்றால் நிரூபியுங்கள். கணக்கைத் திறக்கும்போது படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இது எழுதியும் இருந்தது. 118ஆம் பிரிவின் ஊகம், எந்தச் சட்டமன்றமும் கூடி நிறைவேற்றாமலேயே, செல்போன் திரைக்குள் திரும்பி வந்துவிட்டது.

இதை முதலில் கேள்விக்குள்ளாக்கிய தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே வந்தது. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர், வங்கி அனுப்பியதைப் போல வந்த மின்னஞ்சலை நம்பித் தன் விவரங்களைக் கொடுத்துப் பல லட்சம் இழந்தார். விவரத்தைக் கொடுத்தது அவர் தவறு என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்ற மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் 2010 ஏப்ரலில், வங்கி தன் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று கூறி, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். உலகம் இதற்கு முன்பே இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. 1980இல் நியூயார்க்கில் ஒரு பெண்மணி, தான் ஏடிஎம்மில் பணம் எடுக்கவில்லை என்று சிட்டிபேங்க் மீது வழக்குப் போட்டு வென்றார். இயந்திரத்தின் பதிவை விட அவர் சொல்லை நீதிபதி நம்பினார். பிரிட்டனிலோ, எங்கள் இயந்திரம் தவறாது என்று வங்கிகள் அடித்துச் சொல்லிவந்தன. கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது: நட்டத்தைத் தாங்க வேண்டியிருந்த அமெரிக்க வங்கிகள் பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்டும் அதை உருப்படியாகச் செலவிட்டன, நட்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடிந்த பிரிட்டிஷ் வங்கிகள் அதிகம் செலவிட்டும் அசட்டையாக இருந்தன. மங்களூர்த் தீர்ப்பையும் இந்த ஆய்வையும் சேர்த்துப் படித்தால், எந்த விதியை வைப்பது, எதை விடுவது என்பதை வங்கிக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் சொந்த நட்டக் கணக்குதான் என்பது புரியும்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, காசோலை மரபைப் பாதி வழிக்குத் திரும்பக் கொண்டுவந்தது. வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாகாமல் வேறெங்கோ குறை நேர்ந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பில்லை. 4 முதல் 7 நாளுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு. புகார் வந்த 10 வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இது விரிந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் ஓர் ஓட்டை உண்டு: வாடிக்கையாளர் தன் ரகசிய விவரங்களைப் பகிர்ந்துகொண்டது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க அவருடைய நட்டம். இன்றைய மோசடி ஏறக்குறைய முழுக்க இந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது. இயந்திரத்தை உடைப்பதை விட்டுவிட்டு, மனிதரைப் பேசிப் பணியவைத்து எண்ணை வாங்கிவிடுகிறார்கள். சில சமயம் அவரையே பொத்தானை அழுத்த வைத்துவிடுகிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் இணைய நிதி மோசடிகளில் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இவ்வளவு பேரும் தனித்தனியாகக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்வது, 1930களில் கடனில் முழுகிய குடியானவர்கள் எல்லோரும் ஊதாரிகள் என்று சொன்னதைப் போன்றதுதான்.

விதிகள் குவிவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு புதிய எச்சரிக்கையும், ஒவ்வொரு புதிய ஒப்புதல் பெட்டியும், நாளை ஒரு வழக்கு வந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டோம் என்பதற்கான சான்றாகவும் பயன்படுகிறது. திருடனைத் தடுக்கிறதா என்ற கேள்வி இல்லாமலேயே ஒரு விதி உயிரோடு இருக்க முடியும். குறித்த காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2017இலேயே அந்தக் கட்டாயம் வேண்டாம் என்று கைவிட்டது; அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழையதன் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டி வைப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. இங்கே பல வங்கிகளில் அது இன்னும் இருக்கிறது. அதை வைத்திருப்பதால் வங்கிக்குச் செலவில்லை. விதி வங்கியின் சொந்தக் குழாயில் அடைத்துக்கொண்டபோது மட்டும் வேகம் தெரியும். 2021 மார்ச் 8 அன்று, வணிகக் குறுஞ்செய்திகளை வடிகட்டும் புதிய முறை முழுமையாக அமலானதும் நாடெங்கும் ஓடிபிகள் வராமல் போயின. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உடனே அதை ஏழு நாளுக்கு நிறுத்திவைத்தது. கைரேகையின் கதை இதைவிட விசித்திரம். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் கட்டைவிரலே சாவி. தறியிலும் குச்சிக்கிழங்கு ஆலையிலும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் திருப்பி அனுப்புவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பதிவுத்துறை இணையதளங்களில் கிரயப் பத்திரங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து, போலி விரல் செய்து, 2018இல் தெலங்கானாவிலும் 2023இல் கர்நாடகத்திலும் மோசடி செய்தார்கள். சார்பதிவாளர் முன்னால் சொத்தைக் காப்பதற்காக வைத்த ரேகையை வைத்தே திருட முடிந்தது. இதில் கவனக்குறைவு யாருடையது?

எதிர்வாதங்களில் வலுவானது, வங்கியே எல்லா நட்டத்தையும் தாங்கினால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள், பொய்ப் புகாரும் பெருகும் என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சோதித்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் போன பணத்தை இரண்டு வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் தாங்க வேண்டியது அதிகபட்சம் 50 டாலர். அதனால் அங்கே வங்கித் தொழில் அழியவில்லை. பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு தர வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. அந்தப் பாதி முக்கியமானது. திருட்டுப் பணம் வந்து இறங்கும் வாடகைக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கிக்கும் அப்போதுதான் வலிக்கிறது. ஒரு சிறு தொகையை வாடிக்கையாளர் தாங்கும்படி வைத்தால் அசட்டைக்கும் கடிவாளம் இருக்கும். இன்னொரு வாதம், சிறு கூட்டுறவு வங்கிகள் இந்தச் செலவைத் தாங்காது என்பது. உண்மைதான், 1938க்குப் பிறகு பெயரளவுக் கிரயம் பெருகியதைப் போல, சிறிய வங்கிகள் எளியவர்களுக்கு இணையச் சேவையே வேண்டாமென்று கதவை மூடும் ஆபத்து இருக்கிறது. அதற்கு வழி வைப்புத்தொகைக் காப்பீட்டைப் போல எல்லா வங்கிகளும் சேர்ந்து நிரப்பும் ஒரு பொது நிதி. தனி மனிதரின் தலையில் முழு நட்டத்தையும் வைப்பது வழியாகாது. ரிசர்வ் வங்கியும் மெல்ல அந்தத் திசையில் நகர்கிறது. 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய சான்றுமுறை நெறிகள், 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்து, குறுஞ்செய்தி ஓடிபியைத் தவிர்த்த வழிகளுக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. நெறியைப் பின்பற்றாமல் நடந்த பரிமாற்றத்தில் நட்டம் வந்தால் வங்கி முழுவதையும் ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றன. ஆனால் நெறியைப் பின்பற்றியும் ஏமாற்றப்பட்டவருக்கு இதிலும் பதில் இல்லை.

இந்த வட்டாரத் தொழிலை நேராகத் தாக்கும் விதி இவற்றைவிடப் புதியது: கணக்கு முடக்கம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணுக்குப் புகார் போனதும், திருட்டுப் பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாகப் போனது என்று தொடர்ந்துபோய் நிறுத்திவைக்கும் ஏற்பாடு 2021இல் வந்தது. பணம் போனவருக்கு இது பெரிய உதவி. தாமதமில்லாத புகாரில் பணம் மீண்டிருக்கிறது. ஆனால் நாமக்கல்லின் முட்டையும் சேலத்தின் ஜவ்வரிசியும் லாரி வாடகையும் முகம் தெரியாத பல மாநிலத்து ஆட்களிடமிருந்து பணம் வாங்கும் தொழில்கள். அவர்களில் யாரோ ஒருவருக்கு எங்கிருந்தோ வந்த பணத்தில் ஒரு பங்கு திருட்டுப் பணமாக இருந்தால், முட்டை விற்றவரின் கணக்கு முழுவதும் வேறு மாநிலக் காவல்துறையின் ஒரு மின்னஞ்சலில் நின்றுவிடக்கூடும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கில், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்றது. அந்த நிவாரணத்தைப் பெறவும் கணக்குக்காரர்தான் வக்கீல் வைத்துச் சென்னைக்குப் போக வேண்டும். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், கடன் கொடுத்தவர் வழக்கில் வென்று டிக்ரி வாங்கி வந்தாலும் கைவினைஞரின் கருவிகளையும் விவசாயியின் ஏரையும் பிழைப்புக்குத் தேவையான மாட்டையும் விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யக் கூடாது என்று தடுத்தது. கோழித் தீவனம் வாங்க வைத்திருக்கும் நடப்புக் கணக்குப் பணத்துக்கு, டிக்ரியே இல்லாத இந்த முடக்கத்தில், அந்தப் பாதுகாப்பு கூட எழுதப்படவில்லை.